கொஞ்சம் நம்புகிற மாதிரி வரையுங்கள்

மேனேஜர்: என்ன தம்பி இது, வாத்தைப் பிடித்து நீர்நாய் மேல் ஒட்டியிருக்கிறீர்கள்?

ஓவியர்: எது சார்?

மேனேஜர்: இதோ, முதல் பக்கம். உடம்பெல்லாம் ரோமம், வாயில் வாத்து அலகு, வால் வேறு பட்டையாக. கேமுக்குக் கற்பனை வேண்டியதுதான், அதற்காக இப்படியா?

ஓவியர்: முட்டை போடும் சார்.

மேனேஜர்: ரோமம் இருக்கிறதே!

ஓவியர்: குட்டிக்குப் பாலும் கொடுக்கும். காம்பு மட்டும் கிடையாது. தோலில் கசியும், குட்டி நக்கிக் குடிக்கும்.

மேனேஜர்: சே! விஷம் கிஷம் வைத்துவிடவில்லையே?

ஓவியர்: ஆணுக்கு மட்டும். பின்னங்காலில் ஒரு முள்.

மேனேஜர்: காலிலா? விஷம் பல்லில் இருக்கும் என்பது குழந்தைக்குக்கூடத் தெரியுமே!

ஓவியர்: வளர்ந்த பிறகு பல்லே இருக்காது. இரைப்பையும் கிடையாது.

மேனேஜர்: பல் இல்லை, இரைப்பை இல்லை. வரைய சோம்பலா?

ஓவியர்: தண்ணீருக்குள் போனதும் கண், காது, மூக்கு மூன்றையும் மூடிக்கொள்ளும். இரை அசையும்போது உண்டாகும் மின்சாரத்தை அலகால் உணர்ந்து பிடிக்கும்.

மேனேஜர்: கண்ணை மூடிக்கொண்டு வேட்டை! இதை யார் நம்புவார்கள்?

ஓவியர்: 1799இல் இதைப் பற்றி முதன்முதலில் எழுதிய ஜார்ஜ் ஷாவுக்கே சந்தேகம்தான், யாரோ ஏமாற்றுகிறார்களோ என்று. இது பிளாட்டிபஸ் சார். ஆஸ்திரேலியாவில் நிஜமாகவே இருக்கிறது. பார்த்து வரைய வைத்திருந்த போட்டோ. என் டிசைன் அடுத்த பக்கம்.

மேனேஜர்: ஓஹோ. நிஜமாகவே இருந்தாலும் கொஞ்சம் நம்புகிற மாதிரி இருந்திருக்கலாம். சரி, உங்களுடையதைக் காட்டுங்கள். இறக்கை எங்கே?

ஓவியர்: இது வளை தோண்டி வாழும் பிராணி. நகம் அழுங்குடையது. மூக்கு, நட்சத்திர மூக்கு அகழெலியுடையது. மூக்கைச் சுற்றி விரல் விரலாக 22 சதை நீட்சிகள். இருட்டில் அதனால் தொட்டுத் தொட்டே உலகத்தைத் தெரிந்துகொள்ளும்.

மேனேஜர்: அருமை, அருமை. இறக்கை வையுங்கள்.

ஓவியர்: மண்ணுக்குள்ளேயா?

மேனேஜர்: வெளியே வந்ததும் விரிக்கட்டும்.

ஓவியர்: சார், பறவைக்கும் வௌவாலுக்கும் கைதான் இறக்கை. முன்னங்காலை இறக்கையாக்கினால் எதை வைத்துத் தோண்டும்?

மேனேஜர்: கால் அப்படியே இருக்கட்டும். இறக்கை தனியாக.

ஓவியர்: மொத்தம் ஆறு ஆகிவிடும். முதுகெலும்பு உள்ள எதற்கும் ஆறு கைகால் கிடையாது.

மேனேஜர்: கற்பனைதானே தம்பி!

ஓவியர்: இப்போதுதானே 'அதற்காக இப்படியா' என்றீர்கள்?

மேனேஜர்: அது வாத்து. இது இறக்கை.

ஓவியர்: பறக்கிற பறவைகளில் மிகக் கனமானதே 20 கிலோ பக்கம்தான். இது 300 கிலோ.

மேனேஜர்: அப்படியானால் பெரிய இறக்கையாக வையுங்கள்.

ஓவியர்: டிராக்கோ என்று ஒரு பல்லி இருக்கிறது. நான்கு காலும் அப்படியே இருக்கும். விலா எலும்புகள் பக்கவாட்டில் நீண்டு தோலை விரிக்கும், மரத்துக்கு மரம் மிதந்து போகும். அந்த மாதிரி வேண்டுமானால்...

மேனேஜர்: எலும்பெல்லாம் வேண்டாம், குழந்தைகள் விளையாடுவது. இறக்கையே வையுங்கள். கொம்பும் வையுங்கள்.

ஓவியர்: கொம்புள்ள மிருகங்கள் தழை தின்பவை சார்.

மேனேஜர்: நம்முடையது ரத்தம் குடிக்கும். இருங்கள், இருங்கள், இப்போதுதான் தோன்றியது. சிங்க உடம்பு, யானைத் தும்பிக்கை! உலகத்தில் எவனும் யோசிக்காதது!

ஓவியர்: அது யாளி சார். பல நூறு வருஷமாகக் கோயில் தூணில் நிற்கிறது.

மேனேஜர்: அதற்கு இறக்கை உண்டா?

ஓவியர்: நான் பார்த்ததில் இல்லை.

மேனேஜர்: பார்த்தீர்களா, ஒரிஜினல்!

(ஓவியர் பென்சிலைக் கீழே வைக்கிறார். நானாக இருந்தால் எப்போதோ வைத்திருப்பேன்.)

ஓவியர்: உங்களுக்கு வேண்டியது புது மிருகம் இல்லை சார். எல்லாரும் பார்த்துப் பழகிய மிருகம், யாரும் கேஸ் மட்டும் போடக் கூடாது.

மேனேஜர்: கரெக்ட்! இதைத்தானே முதலிலிருந்து சொல்கிறேன். போன மாதமே போஸ்டர் அடித்தாயிற்று, பாருங்கள்.

ஓவியர்: இதில் ஏற்கெனவே ஒரு மிருகம் இருக்கிறதே?

மேனேஜர்: நெட்டில் யாரோ போட்டிருந்தது. அச்சு அசலாக இதே மாதிரி, சொந்தமாக யோசித்து வரைந்து கொடுங்கள்.