முதலில் சாப்பாடு, அப்புறம்தான் அரண்மனை

போன மாதம் நண்பன் ஒருவன் தன் மூன்று நாள் பயணத் திட்டத்தை அனுப்பி, "பார்த்துச் சொல்லுடா, ஏதாவது விட்டுப்போச்சா?" என்று கேட்டிருந்தான். எக்செல் ஷீட். நாள், நேரம், இடம், போகும் வழி, நுழைவுச்சீட்டு என்று கட்டம் கட்டமாகப் பிரித்து, மஞ்சள் பச்சையெல்லாம் அடித்து, மொத்தம் 26 இடங்கள். கடைசிக் கட்டம் சாப்பாடு. மூன்று நாளுக்கும், மூன்று வேளைக்கும் அதில் ஒரே ஒரு சொல்தான் இருந்தது: "வழியில்".

விட்டுப்போனது அதுதான் என்று பதில் போட்டேன். சிரிப்பு எமோஜி அனுப்பினான். நான் ஒன்றும் சிரிக்கச் சொல்லவில்லை. அவனுக்குச் சொன்னதையே கொஞ்சம் விரித்து இங்கே எழுதி வைக்கிறேன், விடுமுறைக்குக் கிளம்புகிறவர்கள் இன்னும் நாலு பேர் இருப்பீர்கள்.

"வழியில்" என்றால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும், பட்டிருக்கிறேன். முதன்முதலாகத் தனியாக ஒரு பெரிய நகரத்துக்குப் போயிருந்தேன். ஊர் பெயர் வேண்டாம், அந்த ஊர்மேல் தப்பில்லை. காலை ஒன்பதரைக்கு ஓர் அரண்மனைக்குள் நுழைந்தவன், கொடுத்த காசுக்கு ஒரு அறையைக்கூட விடக்கூடாது என்று சுற்றிவிட்டு வெளியே வந்தபோது மணி மூன்று. கண் இருட்டுகிறது. எதிரிலேயே ஒரு உணவகம். வாசலில் ஆறு மொழியில் மெனு, ஒவ்வொன்றுக்கும் நிறம் வெளுத்த போட்டோ, உள்ளே வா வா என்று கையைப் பிடிக்காத குறையாகக் கூப்பிட ஓர் ஆள். போய் உட்கார்ந்தேன். வந்தது ஓரத்தில் கொதித்து நடுவில் சில்லென்று இருந்தது. கேட்காமலே மேசைக்கு வந்த ரொட்டிக்கும் பில்லில் ஒரு வரி.

அதுகூடப் பரவாயில்லை. சாப்பிட்டுவிட்டு இரண்டு தெரு தள்ளி நடந்தபோது ஒரு சின்னக் கடை. பாதி ஷட்டர் இறக்கிவிட்டு உள்ளே தரை கழுவிக்கொண்டிருந்தார்கள். பெரிய பெரிய பாத்திரங்கள் கவிழ்ந்து கிடந்தன. அடுப்பு அணைந்த பிறகும் தெருவில் நின்ற அந்த வாசனை இருக்கிறதே, அதுதான் வயிற்றெரிச்சல். நான் உள்ளே ஓவியம் பார்த்துக்கொண்டிருந்த நேரத்தில் ஊர் சாப்பிட்டு முடித்துவிட்டது.

அரண்மனைக்கு எதிரில் இருக்கும் உணவகம் ஏன் பெரும்பாலும் மோசமாக இருக்கிறது? முதலாளி கெட்டவர் என்று நான் நினைக்கவில்லை. அவர் கணக்கில் ருசி வராது, அவ்வளவுதான். ஜார்ஜ் அகெர்லாஃப் என்ற பொருளாதார அறிஞர் 1970-இல் பழைய கார் சந்தையை வைத்து ஒன்றை விளக்கினார். சரக்கின் தரம் விற்பவருக்குத் தெரியும், வாங்குபவருக்குத் தெரியாது என்றால், நல்ல சரக்கு கொஞ்சம் கொஞ்சமாகச் சந்தையை விட்டே போய்விடும், மோசமானதுதான் மிஞ்சும் என்பது அதன் சாரம். 2001-இல் அவருக்கும் இன்னும் இருவருக்கும் நோபல் கிடைத்தது இந்த வகை ஆய்வுகளுக்காகத்தான். சுற்றுலாத் தலத்து உணவகத்துக்கு இதை அப்படியே பொருத்திப் பார்க்கலாம். வாசலில் நிற்கும் எனக்கு உள்ளே என்ன சமைக்கிறார்கள் என்று தெரியாது. சாப்பிட்டுத் தெரிந்துகொண்ட பிறகு நான் திரும்பி வரப்போவதில்லை. நாளைக்கு வேறு ஒருவர், அவரும் பசியோடு, அவரும் முதல் தடவையாக. அந்த இடத்துக்கு வாடகையோ உச்சத்தில். அப்படியிருக்க ருசிக்கென்று கூடுதலாகச் செலவழிக்கும் ஒவ்வொரு காசும் முதலாளிக்கு நஷ்டம்தானே? விதிவிலக்கு உண்டு. விதிவிலக்கைத் தேடிக் கண்டுபிடிக்க மூன்று நாள் போதாது.

இதையே திருப்பிப் போடுங்கள். நீதிமன்றம், பெரிய மருத்துவமனை, கல்லூரி, பேருந்துப் பணிமனை, மொத்த வியாபாரத் தெரு. இவற்றைச் சுற்றி இருக்கும் கடைகளுக்கு வாரத்தில் ஐந்தாறு நாள் அதே முகங்கள் வரவேண்டும். ஒருநாள் சாப்பாடு கெட்டால் மறுநாள் காலியாகிவிடும். தெரியாத ஊரில் நான் கடை பார்க்கும்போது உள்ளே எவ்வளவு கூட்டம் என்று பார்ப்பதைவிட, உட்கார்ந்திருப்பவர்களில் எத்தனை பேர் நாளைக்கும் வருவார்கள் என்றுதான் பார்க்கிறேன். பையைத் தரையில் போட்டுவிட்டு, மெனுவைப் பார்க்காமலே சொல்கிறார்களா? போய் உட்காரலாம்.

"அதான் இப்போ ரேட்டிங் இருக்கே" என்பீர்கள். 2017-இல் லண்டனில் ஒரு பத்திரிகையாளர் தன் வீட்டுத் தோட்டத்துக் கொட்டகையை உணவகம் என்று ட்ரிப்அட்வைசர் என்ற பயண விமர்சனத் தளத்தில் பதிவு செய்தார். சமையலே கிடையாது. நண்பர்களைவிட்டுப் பொய் விமர்சனங்கள் எழுதச் சொன்னார், தட்டில் ஷேவிங் நுரையையெல்லாம் அலங்கரித்துப் படம் எடுத்துப் போட்டார், முன்பதிவுக்கு ஃபோன் செய்தவர்களிடம் "இடமில்லை" என்றே சொல்லிக்கொண்டிருந்தார். சில மாதங்களில் அந்தக் கொட்டகை அந்தத் தளத்தில் லண்டனின் முதலிட உணவகம் ஆகிவிட்டது. அவ்வளவு பெரிய நகரத்தின் அத்தனை கடைகளையும் தாண்டி!

அதற்காக நான் விமர்சனமே படிப்பதில்லை என்று இல்லை. படிக்கிறேன். ஐந்து நட்சத்திரத்தையும் ஒரு நட்சத்திரத்தையும் விட்டுவிட்டு மூன்று நட்சத்திரம் கொடுத்தவர்கள் என்ன எழுதியிருக்கிறார்கள் என்று பார்ப்பேன். நிதானமான ஆட்கள் அங்கேதான் இருக்கிறார்கள். அந்த ஊர் மொழியில் எழுதியவர்கள் எத்தனை பேர், கடைசியாக எப்போது எழுதினார்கள், சாதாரண ஆட்கள் எடுத்த தட்டுப் படங்கள் எப்படி இருக்கின்றன, இவ்வளவு போதும்.

இந்த நட்சத்திரம் வந்த கதையே வேடிக்கை. ஜெர்மனியின் பேடெக்கர் பயணக் கையேடுகள்தான் 19-ஆம் நூற்றாண்டின் நடுவில், கட்டாயம் பார்க்கவேண்டிய இடங்களுக்கு நட்சத்திரம் போடும் வழக்கத்தைப் பரப்பின. சாப்பாட்டு நட்சத்திரம் டயர் கம்பெனி கொடுத்தது. மிச்செலின் சகோதரர்கள் 1900-இல் கார் வைத்திருப்பவர்களுக்கு ஓர் இலவசக் கையேடு அச்சிட்டார்கள். அப்போது பிரான்ஸிலேயே சில ஆயிரம் கார்கள்தான். மக்கள் காரை எடுத்துக்கொண்டு ஊர் ஊராகப் போனால்தானே டயர் தேயும்? 1926-இல் நல்ல உணவகங்களுக்கு நட்சத்திரம் போட ஆரம்பித்தார்கள், சில ஆண்டுகளில் அது மூன்று படியானது. இரண்டு நட்சத்திரம் என்றால் வழியை விட்டு விலகிப் போகலாம், மூன்று என்றால் அதற்காகவே தனியாகப் பயணம் கிளம்பலாம் என்று பொருள். டயர் விற்பவரின் கணக்கு அந்த வாசகத்திலேயே இருக்கிறது பாருங்கள். ஆனாலும் மரியாதையோடு சொல்கிறேன், சாப்பாட்டை "வழியில்" என்று எழுதாமல், சாப்பாட்டுக்காக வழியை மாற்று என்று சொன்னவர்கள் அவர்கள்தான்.

பேடெக்கர் நட்சத்திரத்துக்கு வேறொரு தலைவிதி. 1942-இல் ஜெர்மன் விமானங்கள் எக்ஸிடர், பாத், நாரிச், யார்க், கேன்டர்பரி என்று இங்கிலாந்தின் பழம்பெரும் நகரங்களாகப் பார்த்துக் குண்டு போட்டன. பேடெக்கர் தாக்குதல்கள் என்றே வரலாற்றில் அதற்குப் பெயர். அந்தக் கையேட்டில் மூன்று நட்சத்திரம் உள்ள கட்டடங்களையெல்லாம் தகர்ப்போம் என்று ஜெர்மானிய அதிகாரி ஒருவர் பேசியதிலிருந்து வந்த பெயர் அது. பார்க்கவேண்டிய இடங்களின் பட்டியலை அச்சு பிசகாமல் பின்பற்றுவது பற்றி யாராவது பேசினால் எனக்கு இதுதான் ஞாபகம் வரும். நண்பனிடம் சொன்னேன். "உனக்கு ஏன்டா இப்படியெல்லாம் தோணுது" என்றான்.

சரி, அவனுக்கு நான் என்னதான் சொன்னேன்? ஷீட்டில் சாப்பாட்டுக் கட்டத்தைக் கடைசியிலிருந்து எடுத்து முதலில் போடு. அந்த ஊரில் அடுப்பு எப்போது எரியும், எப்போது அணையும் என்று முதலில் விசாரி. ஸ்பெயினில் மதியச் சாப்பாடே இரண்டு மணிக்குத்தான் ஆரம்பிக்கும், இரவுச் சாப்பாடு ஒன்பதுக்கு மேல். அங்கே போய் மாலை ஆறரைக்குப் பசிக்கிறது என்று கிளம்பினால் நமக்காகத் திறந்திருப்பது ஆறு மொழி மெனுக் கடைதான். இன்னும் சில ஊர்களில் காலைச் சாப்பாடு எட்டு மணிக்கெல்லாம் தீர்ந்துபோகும். அந்த நேரங்களை முதலில் குறித்துக்கொண்டு, நடுவில் விழும் இடைவெளிகளில் அரண்மனையை வை. அரண்மனை எங்கும் ஓடிப்போகாது.

முதல் நாள் காலை சந்தைக்குப் போகவேண்டும் என்பதில் மட்டும் நான் பிடிவாதக்காரன். அலங்காரமாகக் கண்ணாடி போட்டு, நினைவுப்பொருள் விற்கும் சந்தை இல்லை, ஊர்க்காரர்கள் கைப்பையோடு வந்து பேரம் பேசும் சந்தை. எது குவியலாகக் கிடக்கிறதோ அதுதான் அந்தப் பருவத்தின் சரக்கு. மதியம் தட்டில் எதைக் கேட்கலாம் என்பது காலையிலேயே தெரிந்துவிடும். சுமை இறக்குகிறவர்கள் எங்கே நின்று சாப்பிடுகிறார்களோ அங்கேயே காலைச் சாப்பாடு. பேர் தெரியாவிட்டால் பக்கத்து ஆளின் தட்டைக் காட்டினால் போதும். இதுவரை எந்த ஊரிலும் யாரும் கோபித்துக்கொண்டதில்லை.

பிறகு பெரிய இடம் ஒன்று. ஒரு நாளைக்கு ஒன்றே ஒன்று. அருங்காட்சியகத்தில் வரும் அசதிக்கு "மியூசியம் ஃபட்டீக்" என்று ஒரு பெயரே இருக்கிறது. பாஸ்டன் அருங்காட்சியகத்தில் செயலாளராக இருந்த பெஞ்சமின் கில்மன் 1916-இல் அதைப் பற்றிக் கட்டுரை எழுதினார். ஓர் ஆளைவிட்டுப் பொருட்களைப் பார்க்கச் சொல்லி, அவர் குனிவதையும் எட்டிப் பார்ப்பதையும் படம் பிடித்து, பார்ப்பது என்பது உடம்பை வருத்தும் வேலை என்று காட்டினார். பாரிஸின் லூவ்ர் அருங்காட்சியகத்தில் காட்சிக்கு வைத்திருப்பது சுமார் 35,000 பொருட்கள். ஒன்றுக்குப் பத்து விநாடி என்று வைத்தால்கூட 97 மணி நேரம், தூங்காமல் நான்கு நாள். எல்லாவற்றையும் பார்த்தேன் என்று யாராவது சொன்னால் நடந்தேன் என்று திருத்திக்கொள்ளுங்கள். இரண்டு மணி நேரம், மூன்று அறை, வெளியே வந்துவிட வேண்டும், பசி எடுப்பதற்கு முன்னாலேயே.

விடுமுறை நாளையும் பார்த்துக்கொள்ளுங்கள். லூவ்ர் செவ்வாய்க்கிழமை மூடல். தாஜ்மகால் வெள்ளிக்கிழமை. வாடிகன் அருங்காட்சியகங்கள் மாதத்தின் கடைசி ஞாயிறு தவிர மற்ற ஞாயிறுகளில் கிடையாது. உலகத்தில் பாதி அருங்காட்சியகங்களுக்குத் திங்கள்தான் ஞாயிறு. என் நண்பனின் 26-இல் இரண்டு இடம் மூடும் நாளில்தான் விழுந்திருந்தது. அவ்வளவு வண்ணம் அடித்தும்.

தாஜ்மகாலைப் பார்க்காமல் ஆக்ராவில் சாப்பிட்டுவிட்டுத் திரும்பி வா என்று நான் சொல்லவில்லை. புகழ்பெற்ற இடங்கள் சும்மா புகழ்பெறவில்லை. பதினான்காவது, பதினைந்தாவது இடங்களைத்தான் சொல்கிறேன். பட்டியலை நீட்டத்தான் அவை.

வயிறு விஷயம். கொதிக்கக் கொதிக்க வருவதைச் சாப்பிடலாம், வெதுவெதுப்பாக நெடுநேரம் உட்கார்ந்திருப்பது ஆபத்து. 5 முதல் 60 டிகிரி வரை கிருமிகளுக்குக் கொண்டாட்டம். கூட்டம் நெரியும் தெருக்கடையைவிட, பெரிய ஹோட்டலில் மணிக்கணக்காகத் திறந்து கிடக்கும் பஃபே எனக்கு அதிக பயம். பழம் நாமே உரிப்பது நல்லது. பாட்டில் தண்ணீர் வாங்கிவிட்டு ஐஸ் போட்டுக் குடிப்பவர்கள் இருக்கிறார்கள், உறைந்தால் கிருமி சாகாது. அப்படியும் வயிறு போனால் ஒரு லிட்டர் சுத்தமான தண்ணீரில் ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு. தலை தட்டி அளக்கவேண்டும், குவித்து அல்ல. ரத்தமோ காய்ச்சலோ இருந்தால் இதெல்லாம் விட்டுவிட்டு டாக்டரிடம் போங்கள்.

சைவம் சாப்பிடுகிறவர்களுக்குத் தனியாக ஒரு வரி. "சைவம்" என்ற சொல்லின் மொழிபெயர்ப்பு மட்டும் போதாது. ஜப்பானில் காய்கறிச் சாறு மாதிரி இருப்பதில்கூட உலர்ந்த மீன் சீவலைக் கொதிக்கவைத்த தண்ணீர் இருக்கும். இத்தாலியின் பார்மிஜானோ சீஸில் பாலைத் திரிக்கக் கன்றின் இரைப்பையிலிருந்து எடுத்ததைத்தான் சேர்க்கிறார்கள். எதெது கூடாது என்பதைத் தனித்தனியாக, அந்த ஊர் மொழியில் ஒரு அட்டையில் எழுதி வைத்துக்கொண்டு காட்டுங்கள். ஒவ்வாமை இருப்பவர்களுக்கும் இதேதான், அவர்களுக்கு இது விளையாட்டு இல்லை.

யாரிடமாவது விசாரித்தால் "இங்கே நல்ல ஹோட்டல் எது?" என்று கேட்காதீர்கள். விருந்தாளிக்குக் காட்டும் இடத்தைத்தான் காட்டுவார்கள். "நேற்று மத்தியானம் நீங்க எங்கே சாப்பிட்டீங்க?" என்று கேளுங்கள். கொஞ்சம் தயங்குவார்கள், "அதெல்லாம் உங்களுக்குச் சரிப்படாது" என்பார்கள். அங்கேதான் போகவேண்டும்.

நண்பன் போய்ச் சேர்ந்தான். இரண்டாம் நாள் மதியம் ஒரு போட்டோ அனுப்பினான். பாதி காலியான ஒரு தட்டு, பக்கத்தில் யாரோ ஒருவருடைய முழங்கை. "இது பேர் என்னன்னு தெரியல, பக்கத்து டேபிள்காரர் சாப்பிட்டதைக் காட்டினேன். இப்போ அவரே எனக்கும் சேர்த்து இன்னொன்னு சொல்லிட்டாரு" என்று கீழே எழுதியிருந்தான்.

அரண்மனை என்னாச்சு என்று கேட்டேன். சாயங்காலம் வரை பதில் இல்லை.