ஒன்பது கட்டில் வீட்டுக்கு எந்த உரிமம்?

அம்மா இரண்டு வருடமாக இருந்த வீட்டைப் போன மாதம் மூடிவிட்டார்கள். முதியோரைப் பார்த்துக்கொள்ளும் இல்லம் அது. கோவையில் ஒரு வாடகை வீடு, ஒன்பது கட்டில். ஓய்வுபெற்ற நர்ஸ் ஒருவர் நடத்தினார். எல்லோரும் அவரை சிஸ்டர் என்றுதான் கூப்பிடுவோம்.

அம்மாவுக்கு டிமென்ஷியா. என் பெயர் மறந்துவிட்டது. ஆனால் சாயங்காலம் நாலு மணியானால் எழுந்து சமையல்கட்டு வாசலில் போய் நிற்பார். சிஸ்டர் அவரை உட்காரவைத்து, ஒரு முறத்தில் கீரையைக் கொடுத்துவிடுவார். அம்மா ஆய்ந்ததில் பாதி தண்டாக இருக்கும். அதையே பொரியல் செய்வார்கள். அம்மா இரண்டு முறை கேட்டு வாங்கிச் சாப்பிடுவார்.

மூடியதற்குக் காரணம் உரிமம். சமூக நலத்துறைப் பதிவுக்குக் கட்டட உரிமம், கட்டட உறுதிச் சான்று, தீயணைப்புத் துறைச் சான்று, சுகாதாரச் சான்று என்று ஒவ்வொன்றாகக் கேட்டார்கள். குடியிருப்புக்காக அனுமதி வாங்கிக் கட்டிய வீடு அது. வீட்டு ஓனர், "என் வீட்டுப் பத்திரத்தை எந்த ஆபீசிலும் கொடுக்க மாட்டேன்" என்று சொல்லிவிட்டார். அவரையும் குறை சொல்ல முடியவில்லை. சிஸ்டர் பதினோரு மாதம் அலைந்தார்.

விதியே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. 2001 ஆகஸ்ட் 6 அன்று ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் ஒரு மனநலக் காப்பகத்தின் கொட்டகை எரிந்தபோது, சங்கிலியில் கட்டப்பட்டிருந்த மனநோயாளிகள் ஓட முடியாமல் 28 பேர் இறந்தார்கள். யாரும் எட்டிப் பார்க்காத இடத்தில் என்ன நடக்கும் என்பதற்கு அதைவிட வேறு சாட்சி வேண்டாம். என் அம்மா படுத்திருக்கும் அறையை அரசு அதிகாரி ஒருவர் வந்து பார்க்க வேண்டும் என்றுதான் நானும் விரும்புகிறேன்.

ஆனால் நம் சட்டங்களின் கண்ணில் இப்படிப்பட்ட சிறிய இல்லம் படவே இல்லை. 2007 மூத்த குடிமக்கள் சட்டம் மாவட்டத்துக்கு ஒரு முதியோர் இல்லம் பற்றிப் பேசுகிறது, அதுவும் குறைந்தது 150 பேருக்கு. 2017 மனநலச் சட்டம் மனநோய்க்குத் தரும் வரையறையில் நினைவாற்றல் பாதிப்பும் வருகிறது. அப்படிப் பார்த்தால், அம்மா போன்றவர்களை வைத்துப் பார்த்துக்கொள்ளும் வீடு மனநல நிறுவனமாகவும் பதிவாக வேண்டும். முதியோர் பராமரிப்பு இல்லங்களின் பதிவுக்குத் தனி ஏற்பாடு செய்ய 2019 டிசம்பரில் அந்த 2007 சட்டத்துக்கு ஒரு திருத்த மசோதா மக்களவைக்கு வந்தது. நிறைவேறாமலே 2024இல் காலாவதியாகிவிட்டது.

அப்புறம் வரி. பதிவு பெற்ற அறக்கட்டளை நடத்தும் இல்லத்தில் 60 வயது நிரம்பியவர்கள் தங்கிச் சாப்பிட மாதம் 25,000 ரூபாய் வரை கட்டினால் ஜிஎஸ்டி விலக்கு உண்டு. தனி ஆள் நடத்தினால் அந்த விலக்கு கிடையாது. ஆண்டு வரவு 20 லட்சத்தைத் தாண்டினால் ஜிஎஸ்டியில் பதிவு செய்தாக வேண்டும். ஒன்பது பேர், தலைக்கு 20,000 என்று கணக்குப் போட்டால் வருடத்துக்கு 21,60,000 வந்துவிடுகிறது. வாடகையும் நான்கு பணிப்பெண்கள் சம்பளமும் சமையலும் போக சிஸ்டர் கையில் என்ன நின்றிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

அம்மாவுக்கு வேறு இடம் தேடி அலைந்தபோதுதான் எனக்கு உண்மையான பயம் வந்தது. நான் போன மூன்று இடங்களில் வாசலில் பலகையே இல்லை. ஒரு வீட்டில் கதவைப் பாதி திறந்து, "யார் சொல்லி வந்தீங்க?" என்று கேட்டார்கள். சான்று வாங்க முடியாதவர்கள் எல்லோரும் மூடிவிடுவதில்லை. சிலர் பலகையை மட்டும் கழற்றிவிடுகிறார்கள். அங்கே ஒருவருக்குப் படுக்கைப் புண் வந்தாலும் எந்த அதிகாரிக்குத் தெரியும்?

பத்துப் பேருக்குள் இருக்கும் வீடுகளுக்கு ஒரே விண்ணப்பம், ஒரே அலுவலகம் போதும். முதலில் பதிவு கொடுங்கள். சாய்தளம், தீயணைப்பான், குளியலறைக் கைப்பிடி எல்லாம் வைக்க ஆறு மாதம் தவணை கொடுங்கள். அதன் பிறகு சொல்லாமல் வந்து ஆய்வு செய்யுங்கள், ராத்திரியிலும் வாருங்கள். சிஸ்டர் வீட்டுக்கு இரண்டு முறை ஆய்வுக்கு வந்தார்கள். படிக்கட்டின் அகலத்தை அளந்தார்கள். ராத்திரி யார் விழித்திருப்பார்கள் என்று ஒருவரும் கேட்கவில்லை.

அம்மா இப்போது அறுபது பேர் இருக்கும் ஓர் இல்லத்தில் இருக்கிறார். எல்லாச் சான்றும் வரவேற்பறையில் சட்டம் போட்டு மாட்டியிருக்கிறது. நல்லவர்கள்தான். சமையல்கட்டுக்குள் வெளியாள் போகக் கூடாது என்பது அங்கே விதி. நாலு மணிக்கு அம்மா அந்தக் கண்ணாடிக் கதவுக்கு வெளியே நிற்கிறார்.