டக்டேல்ஸின் கேம் பாய் பதிப்புக்காகக் கொஞ்சம் பேச வேண்டும்

கார்ட்டூனை வைத்துச் செய்த வீடியோ கேம் என்றாலே பாதிப் பேர் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்கள். அதுவும் கையில் வைத்து ஆடும் கருவிக்காக வந்தது என்றால் கேட்கவே வேண்டாம். பெயரைக் காட்டிக் காசு பார்க்கச் செய்தது, குழந்தைகள் சமாச்சாரம் என்று ஒரே வரியில் ஒதுக்கிவிடுவார்கள். அப்படிச் செய்யப்பட்டவை நிறைய இருக்கின்றன, மறுக்கவில்லை. ஆனால் 1990-ல் காப்காம் நிறுவனம் நின்டெண்டோவின் கையடக்கக் கருவியான கேம் பாய்க்குக் கொண்டுவந்த டக்டேல்ஸையும் அந்தக் கூட்டத்தில் சேர்ப்பதை என்னால் ஏற்கவே முடியவில்லை. ஒரு கார்ட்டூனை எப்படி விளையாட்டாக்க வேண்டும் என்பதற்கு இதைவிடச் சுருக்கமான, தெளிவான எடுத்துக்காட்டு எனக்குத் தெரிந்து இல்லை.

தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம் பின்னணி. டக்டேல்ஸ் என்பது 1987-ல் தொடங்கிய டிஸ்னியின் தொலைக்காட்சிக் கார்ட்டூன். அதன் நாயகன் ஸ்க்ரூஜ் மெக்டக். உலகத்திலேயே பெரிய பணக்கார வாத்து, எண்ணி எண்ணிச் செலவு செய்யும் கஞ்சன். ஹூயி, ட்யூயி, லூயி என்ற மூன்று சிறுவர்களை அழைத்துக்கொண்டு புதையல் தேடி ஊர் ஊராகப் போவார். இவர் கார்ட்டூனுக்காகப் பிறந்தவர் அல்லர். 1947-ல் கார்ல் பார்க்ஸ் தன் காமிக்ஸ் கதைக்காக உருவாக்கிய பாத்திரம். கேமை காப்காம் முதலில் 1989-ல் டிவியோடு இணைத்து ஆடும் நின்டெண்டோ கருவிக்கு வெளியிட்டது. அடுத்த ஆண்டே கேம் பாய்க்கும் வந்தது.

சரி, இதில் அப்படி என்ன இருக்கிறது?

முதலில் அந்தக் கைத்தடி. கார்ட்டூனில் ஸ்க்ரூஜ் தடியில்லாமல் நடப்பதே அபூர்வம். வேறு யாராவது செய்திருந்தால் அவர் கையில் ஒரு துப்பாக்கியைக் கொடுத்துவிட்டு வேலை முடிந்தது என்று போயிருப்பார்கள். அந்தக் காலத்துக் கார்ட்டூன் கேம்கள் பலவற்றில் நாயகனின் படத்தை மட்டும் மாற்றினால் அது வேறொரு கேம் ஆகிவிடும். இங்கே அப்படி மாற்றவே முடியாது. ஸ்க்ரூஜ் எகிறி, காற்றில் இருக்கும்போதே தடியைக் கீழே ஊன்றுகிறார். தடி ஸ்பிரிங் போல அவரைத் தூக்கித் தூக்கிப் போடுகிறது. எதிரியின் தலையில் ஊன்றினால் எதிரி காலி. முள் நிறைந்த தரையில் ஊன்றினால் ஒரு கீறலும் இல்லாமல் கடந்துவிடலாம். சாதாரணமாகக் குதித்தால் எட்டாத உயரமும் எட்டும். பக்கத்தில் கல் இருந்தால் கோல்ஃப் ஆடுவதுபோலத் தடியால் வீசி அடிக்கலாம், பறந்து போய் எதிரி மீது விழும்.

ஆக ஒரே ஒரு பொருள்தான். அதுவே ஆயுதம், அதுவே கேடயம், அதுவே வாகனம். வயதான ஒரு வாத்து இளைஞர்களைவிட வேகமாக மலையேறும் அந்தக் கார்ட்டூன் குறும்பு முழுவதும் விரல் நுனிக்கு வந்துவிடுகிறது. பாத்திரத்தின் குணம் வசனத்தில் இல்லை, பட்டனில் இருக்கிறது. நான் திரும்பத் திரும்பச் சொல்ல விரும்புவது இதைத்தான்.

கற்பனை அங்கேயே நின்றுவிடவும் இல்லை. இமயமலைக்குப் போனால் பனி. பனியில் தடியை ஊன்றினால் எகிற முடியாது, தடி புதைந்து ஆள் சிக்கிக்கொள்வார். அதுவரை எல்லாவற்றுக்கும் விடையாக இருந்த ஒரே வித்தையைச் சில இடங்களில் பிடுங்கிவிட்டு, இப்போது என்ன செய்வாய் என்று கேட்கிறார்கள். ஒரு வார்த்தை விளக்கம் இல்லாமல் ஒரு குழந்தைக்கு இது உடனே புரியும். தயாரிப்பாளர் டோகுரோ ஃபுஜிவாராவின் அனுபவம் இங்கேதான் தெரிகிறது என்பது என் எண்ணம். கோஸ்ட்ஸ் அண்ட் காப்ளின்ஸ் போன்ற கடுமையான கேமைச் செய்தவர் அவர். குழந்தைகளுக்கு என்பதற்காக அலட்சியமாகச் செய்யவில்லை.

இரண்டாவது, பணம். அந்தக் காலத்தில் எல்லா கேமிலும் திரையின் மூலையில் ஒரு ஸ்கோர் ஓடிக்கொண்டிருக்கும். கதைக்கும் அதற்கும் எந்தத் தொடர்பும் இருக்காது. டக்டேல்ஸில் ஸ்கோரே ஸ்க்ரூஜின் சொத்துதான், டாலர் கணக்கில். ஒவ்வொரு வைரத்தை எடுக்கும்போதும் அவர் இன்னும் கொஞ்சம் பணக்காரர் ஆகிறார். அதோடு, கண்ணுக்கு எதுவுமே தெரியாத வெற்றிடத்தைக் கடக்கும்போது திடீரென்று வைரம் தோன்றும். அப்புறம் என்ன, ஒவ்வொரு மூலையையும் முட்டிப் பார்க்காமல் நகர மனம் வராது. ஆடுகிறவரின் பேராசையும் ஸ்க்ரூஜின் பேராசையும் ஒன்றாகிவிடுகின்றன. கார்ட்டூன் எத்தனை எபிசோட் எடுத்துக் காட்டினாலும் தர முடியாத அனுபவம் இது.

அமேசான், டிரான்சில்வேனியா, ஆப்பிரிக்கச் சுரங்கம், இமயமலை, நிலவு என்று ஐந்து இடங்கள். எங்கிருந்து வேண்டுமானாலும் தொடங்கலாம். கார்ட்டூனின் பல எபிசோடுகளை எந்த வரிசையில் பார்த்தாலும் ஒன்றும் குறையாது இல்லையா, அதே சுதந்திரம். வழியில் கார்ட்டூன் ஆட்கள் சும்மா தலைகாட்டிவிட்டுப் போவதில்லை, ஆளுக்கொரு வேலை இருக்கிறது. ஸ்க்ரூஜின் வீட்டைக் கவனித்துக்கொள்ளும் மிஸஸ் பீக்லி சாப்பாடு தருவார். பைலட் லாஞ்ச்பேட், ஸ்க்ரூஜின் ஊரான டக்பர்க்குக்குத் திரும்பக் கூட்டிப்போகக் காத்திருப்பார். நிலவில் இயந்திரக் கவசம் அணிந்த கிஸ்மோடக் வந்து சுவரை உடைத்து வழி செய்வார். டிரான்சில்வேனியாவின் முடிவில் நிற்கும் பாஸ், அதாவது பெரிய எதிரி, மந்திரக்காரி மேஜிகா.

இனி கேம் பாய்க்கு வருகிறேன். மேலே சொன்னதெல்லாம் டிவி பதிப்பின் பெருமைதானே, கையடக்கப் பதிப்பு வெறும் நகல்தானே என்று கேட்பார்கள். அங்கேதான் எனக்கு முரண்பாடு.

டிவி கருவியின் படம் 256-க்கு 240 புள்ளிகள். கேம் பாயின் திரை 160-க்கு 144. பரப்பளவில் பார்த்தால் மூன்றில் ஒரு பங்கைவிடச் சற்றுத்தான் அதிகம். நிறம் கிடையாது, நான்கே சாயல்கள். திரைக்குப் பின்னால் விளக்கு கிடையாது. வேகமாக எதுவும் நகர்ந்தால் பின்னால் நிழல் இழுக்கும். இப்படிப்பட்ட திரைக்குப் பெரிய லெவலை அப்படியே திணித்தால் ஆடவே முடியாது. அதனால் லெவல்களின் அமைப்பை இந்தத் திரைக்கேற்ப மாற்றினார்கள். அதே அமேசான்தான், ஆனால் வழி அப்படியே அதே வழி அல்ல. முதல் பதிப்பை மனப்பாடமாக ஆடியவரும் இங்கே மறுபடி தேட வேண்டும். இதை நகல் என்று எப்படிச் சொல்வது?

நிறம் இல்லாதது ஒரு குறையே இல்லை என்பதும் என் கருத்து. நல்ல கார்ட்டூன் பாத்திரத்தை அதன் வெளிக்கோட்டை வைத்தே கண்டுபிடித்துவிடலாம். உயரத் தொப்பி, அலகு, தடி. இந்த மூன்றும் இருந்தால் கட்டைவிரல் நகம் அளவில் கறுப்பாக வரைந்தாலும் அது ஸ்க்ரூஜ்தான். நிஜ மனிதர்களை வைத்து எடுத்த படங்கள் கேம் பாய்க்கு வந்தபோது யார் யாரென்றே தெரியாமல் திணறியதுண்டு. கார்ட்டூனுக்கு அந்தப் பிரச்சினை இல்லை. சின்னத் திரைக்கும் கார்ட்டூனுக்கும் இயல்பாகவே பொருத்தம் உண்டு.

நிலவு லெவலின் இசையைச் சொல்லாமல் விட முடியாது. ஹிரோஷிகே டோனோமுரா அமைத்தது. கேம் பாயின் ஒலிச் சிப்பில் மொத்தமே நான்கு தடங்கள். அந்த நான்கில் இப்படி ஏக்கம் நிறைந்த ஒரு மெட்டு, அதுவும் பேராசைக்கார வாத்து வைரம் தேடும் இடத்தில். ஹெட்போன் மாட்டிக் கேளுங்கள்.

குறை இல்லையா? இருக்கிறது. நீளம் குறைவு, வழி தெரிந்தவர் ஒரு மணி நேரத்துக்குள் முடித்துவிடலாம். ஆட்டத்தைப் பாதியில் சேமித்து வைக்கவும் வழி இல்லை. எங்கே வேண்டுமானாலும் எடுத்துப் போகும் கருவிக்கு இது சரியான குறைதான்.

எனக்கு உண்மையான வருத்தம் வேறு. 2013-ல் வேஃபார்வர்ட் நிறுவனம் டக்டேல்ஸை புதுப் படங்களோடு மறுபடி செய்தது. 2019-ல் டிஜிட்டல் கடைகளிலிருந்து அது நீக்கப்பட்டு, 2020-ல்தான் திரும்பி வந்தது. 2017-ல் பழைய டிஸ்னி கேம்களின் தொகுப்பு ஒன்று வந்தது. அதில் ஆறு கேம்கள், ஆறுமே டிவி கருவிக்கானவை. கேம் பாய் பதிப்புகளுக்கு இடமே இல்லை. கார்ட்டூன் கேம் என்றால் உரிமை ஒருவரிடம், செய்தவர் வேறொருவர். ஒப்பந்தம் எப்போது முடிகிறதோ அப்போது கேம் காணாமல் போகலாம். கையடக்கக் கருவி என்றால் இன்னும் மோசம், கருவியோடு சேர்ந்து கேமும் போய்விடுகிறது. நின்டெண்டோ 3டிஎஸ் கருவியின் கடை 2023 மார்ச்சில் மூடப்பட்டது. அந்தக் கருவிக்கு 2012-ல் அட்வென்ச்சர் டைம் கார்ட்டூனை வைத்து ஒரு நல்ல சாகச கேம் வந்திருந்தது, அதைச் செய்ததும் வேஃபார்வர்ட்தான். ஜேக் என்ற நாய், நாயகனான சிறுவன் ஃபின்னின் முதுகுப்பையில் உட்கார்ந்துகொண்டு தன் ரப்பர் உடம்பால் உதவும். அங்கேயும் பாத்திரத்தின் குணம் பட்டனில் இருந்தது. இன்று அதைப் புதிதாக ஆட நினைப்பவர் கருவியில் செருகி ஆடும் பழைய கேட்ரிட்ஜைத் தேடி அலைய வேண்டும்.

அடுத்த முறை யாராவது பழைய டிஸ்னி கேம்களின் தொகுப்பைப் போடும்போது டக்டேல்ஸின் கேம் பாய் பதிப்பையும், 1993-ல் வந்த இரண்டாம் பாகத்தின் கேம் பாய் பதிப்பையும் சேர்க்க வேண்டும். துணைச்சரக்காக ஒரு மூலையில் வேண்டாம், தனிக் கேம்களாக, அவற்றின் நான்கு சாயல்களோடு அப்படியே. இதற்கு உரிமை வைத்திருப்பவர்கள் மனது வைத்தால் போதும். அதுவரை, பழைய கேட்ரிட்ஜ் வைத்திருக்கும் நண்பர் யாராவது இருந்தால் ஒரு மாலை இரவல் கேளுங்கள். அமேசானில் தொடங்குங்கள், இமயமலையைக் கடைசிக்கு வையுங்கள்.