இரண்டு சோலைக்கிளிகளும் ஒன்றல்ல

உங்கள் கட்டுரையில் நீலகிரி சோலைக்கிளியையும் வெண்வயிற்றுச் சோலைக்கிளியையும் ஒரே பறவையாகச் சொல்லியிருக்கிறீர்கள். (கிளி என்றாலும் இவை கிளி இனமில்லை; பாடும் சிறு பறவைகள்.) முன்பு அப்படித்தான் கருதினார்கள். ஆனால் பாலக்காட்டுக் கணவாய்க்கு வடக்கே நீலகிரி, பாபாபுதன் மலைகளில் இருப்பது ஒன்று, தெற்கே ஆனைமலை, பழனி மலைகளில் இருப்பது வேறொன்று. உயர்ந்த மலைகளிலுள்ள சோலைக் காட்டை விட்டு இறங்காத பறவைகளுக்கு அந்தத் தாழ்ந்த கணவாய் கடலைப் போன்றது. விலாவைப் பாருங்கள்: வடக்கத்தியதற்குச் செம்பழுப்பு, தெற்கத்தியதற்கு நீலம். 2017-இல் மரபணு ஆய்வுக்குப் பிறகு இவற்றுக்கென்றே சோலிகோலா என்ற தனிப் பேரினம் உருவானது. பெயரிலேயே நம் சோலை இருக்கிறது!

உயிரினங்களின் அழிவு ஆபத்தை மதிப்பிடும் உலகச் சிவப்புப் பட்டியலில் நீலகிரிப் பறவை 'அருகிவரும்' நிலையிலும் மற்றது ஆபத்தில் ஒரு படி குறைவான 'அழிவாய்ப்புள்ள' நிலையிலும் இருக்கின்றன. சரி, இரண்டையும் ஒன்றாக எண்ணினால் என்ன ஆகும்? பழனியில் நாலு பறவை பாடுவதைக் கேட்டு, நீலகிரியிலும் குறையில்லை என்று இருந்துவிடுவோம். தேயிலையும் யூகலிப்டசும் சீகை (வாட்டில்) மரமும் சோலைகளைத் துண்டாக்கிய பிறகு, நீலகிரியில் இழந்த பறவையைத் தெற்கிலிருந்து கொண்டுவந்து நிரப்ப முடியாது. தயவுசெய்து கட்டுரையைத் திருத்துங்கள்.