வாடகையும் இஎம்ஐயும் ஒன்றல்ல

'திருச்சியில் கட்டும் வாடகையை இஎம்ஐயாகக் கட்டினால் வீடு சொந்தம், வரியும் மிச்சம்' என்று ஒருவர் எழுதியிருக்கிறார். கணக்கு இடிக்கிறது.

50 லட்சம் ரூபாய் ஃபிளாட், 40 லட்சம் கடன், 8.5% வட்டி, 20 வருடம் என்று வையுங்கள். இஎம்ஐ சுமார் 34,700. கே.கே.நகர் பக்கம் என் இரண்டு பெட்ரூம் வீட்டுக்கு வாடகை 13,000. முதல் மாத இஎம்ஐயில் 28,333 வட்டிக்கே போய்விடும். ஐந்து வருடத்தில் கிட்டத்தட்ட 20.8 லட்சம் கட்டியிருப்பீர்கள். அசலில் குறைந்தது 4.75 லட்சம்தான். 'வாடகை வீண்' என்றால் இந்த வட்டிக்கு என்ன பெயர்?

கையிலிருந்து போடும் 10 லட்சம் தனி. ஏற்கனவே ஒருவர் வைத்திருந்த ஃபிளாட்டை வாங்கினால் முத்திரைத்தாள் 7%, பதிவுக் கட்டணம் 2%. 50 லட்சத்துக்கே பதிந்தால் 4.5 லட்சம். அப்புறம் மாதா மாதம் மெயின்டனன்ஸ்.

வருமான வரி விஷயமும் பாதிதான் சரி. சொந்தமாகக் குடியிருக்கும் வீட்டின் கடன் வட்டிக்கு 2 லட்சம் வரை கழிவு பழைய வரிமுறையில் மட்டுமே, புதியதில் கிடையாது.

வீடே வாங்காதீர்கள் என்று சொல்லவில்லை. சுவரில் ஓர் ஆணி அடிக்க ஹவுஸ் ஓனரிடம் கேட்டு நிற்கும் கடுப்பு எனக்கும் உண்டு. அதற்காக வாங்குங்கள், சரி. வாடகைக் காசிலேயே முடிந்துவிடும் என்று நம்பி இறங்காதீர்கள்.