பினாங்கில் ஒலி 330இல் ஓடாது
"ஒலியின் வேகம் எங்கேயும் வினாடிக்கு 330 மீட்டர்தான், என் வகுப்பிலும் அதுதான் வந்தது, 349 எடுத்த பினாங்கு மாணவர்கள் தப்பாக அளந்திருக்கிறார்கள்" என்று ஐயா ஒருவர் எழுதியிருக்கிறார். அந்த 330 (இன்னும் சரியாக 331) சுழியம் டிகிரி காற்றுக்கு உரியது. ஒவ்வொரு டிகிரிக்கும் ஏறக்குறைய 0.6 கூடும். பினாங்கின் 30 டிகிரியில் 349தான் வரும், மாணவர்கள் சரியாகத்தான் அளந்திருக்கிறார்கள்.

அப்படியென்றால் ஐயாவின் வகுப்பில் எப்படி 330 வந்தது? அவரே விவரம் தந்திருக்கிறார்: 512 ஹெர்ட்ஸ் இசைக்கவை (தட்டினால் ஒரே சுருதியில் ஒலிக்கும் கவை), தண்ணீர் நிரப்பிய 3 சென்டிமீட்டர் விட்டமுள்ள குழாய், தண்ணீரை இறக்கும்போது முதல் ஒத்ததிர்வு (ஒலி திடீரென உரக்கக் கேட்கும் இடம்) வாயிலிருந்து 16.1 சென்டிமீட்டரில். அந்த நீளம் கால் அலைநீளம் என்று வைத்து, நான்காலும் பிறகு 512ஆலும் பெருக்கினால் 330 வரும், உண்மைதான். ஆனால் அலை குழாயின் வாயோடு நிற்பதில்லை. ஆரத்தில் சுமார் 0.6 பங்கு வெளியே நீளும். இங்கே அது 0.9 சென்டிமீட்டர். சேர்த்தால் 17, வேகம் 348. ஒரு விடுபாடு புத்தக எண்ணோடு போய்ப் பொருந்திவிட்டது, அவ்வளவுதான். (இந்த மாதிரி பொருத்தம்தான் ஆளை நன்றாக ஏமாற்றும்.)

தண்ணீரை இன்னும் இறக்கி இரண்டாவது ஒத்ததிர்வையும் பிடியுங்கள், 50 சென்டிமீட்டர் பக்கம் கேட்கும். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் அரை அலைநீளம். வாய்த் திருத்தமே தேவைப்படாது. அப்புறம், ஆய்வகத்தில் ஏர்கான் ஓடினால் வெப்பமானியைப் பார்த்துக்கொள்ளுங்கள், 24 டிகிரியில் 345தான் கிடைக்கும்.