கடையை ஓடுகிறாராம் மாமா!

போனது அரை மார்க். அதற்கா இந்தக் கத்தல் என்று வீட்டிலேயே கேட்டுவிட்டார்கள். ஆமாம், அந்த அரை மார்க்குக்குத்தான்.

மகள் ஏழாவது படிக்கிறாள். போன வாரம் இங்கிலீஷ் பரீட்சைத் தாளைக் கையெழுத்துக்கு நீட்டினாள். ‘மை அங்கிள் ரன்ஸ் எ ஷாப் இன் காரைக்குடி’ என்று ஒரு வாக்கியம். ‘ரன்ஸ்’ என்பதற்குக் கீழே கோடு. அதற்குத் தமிழில் பொருள் எழுத வேண்டும். பிள்ளை ‘நடத்துகிறார்’ என்று எழுதியிருக்கிறாள். அதன்மேல் சிவப்பு மையில் ஒரு அடி, தாளின் மறுபக்கம் புடைக்கிற அளவுக்கு. பக்கத்திலேயே சரியான விடையும் எழுதப்பட்டிருந்தது: ‘ஓடுகிறார்’.

அதாவது மாமா காரைக்குடியில் ஒரு கடையை ஓடுகிறார். எங்கே ஓடுகிறார், கடன்காரனுக்குப் பயந்தா? நானும் பாத்திரக்கடை வைத்திருப்பவன்தான். ஆடி மாதத்தில் எங்காவது ஓடிவிடலாமா என்று தோன்றும், மறுக்கவில்லை. ஆனால் கேள்வி அதுவல்லவே.

பள்ளிக்கூடத்துக்குப் போனேன். டீச்சர் கோபப்படவில்லை, பாவம், மேசையில் இன்னும் ஒரு கட்டுத் தாள் திருத்தக் கிடந்தது. “மீனிங் நோட்டுல ரன்னுன்னா ஓடுன்னுதான் சார் குடுத்திருக்கோம். நோட்டுல உள்ளதை எழுதினாத்தான் மார்க்” என்றார். சரி, அதோடு விட்டிருந்தால் நானும் கடைக்குத் திரும்பியிருப்பேன். அடுத்து ஒன்று சொன்னார் பாருங்கள்: “தமிழ்லதான் சார் ஒரு வார்த்தைக்குப் பத்து அர்த்தம், ஒரே குழப்பம். இங்கிலீஷ் அப்படி இல்ல, ரொம்ப க்ளியர்.”

க்ளியரா?

ஆக்ஸ்போர்டு ஆங்கிலப் பேரகராதி என்று ஒன்று இருக்கிறது. அதன் இரண்டாம் பதிப்பு 1989இல் 20 தொகுதிகளாக வந்தது. அதில் ‘செட்’ என்கிற மூன்றெழுத்து வினைச்சொல்லுக்கு மட்டும் 430 பொருள் பிரித்திருந்தார்கள். ஒரு சொல்லை விளக்க ஏறக்குறைய 60,000 சொற்கள்! அப்புறம் அடுத்த பதிப்புக்காகத் திருத்த உட்கார்ந்தபோது ‘ரன்’ அதையும் தாண்டிவிட்டது. வினைச்சொல்லாக மட்டும் 645 பொருள். பீட்டர் கில்லிவர் என்ற அகராதி ஆசிரியர் அந்த ஒரு சொல்லைப் பிரித்து வகைப்படுத்த ஒன்பது மாதம் செலவிட்டார். அவர் ஒன்பது மாதம் உட்கார்ந்ததை எங்கள் மீனிங் நோட்டு இரண்டு எழுத்தில் முடித்துவிட்டது: ஓடு.

மனிதனும் குதிரையும் ஓடிக்கொண்டிருந்த காலத்தில் அந்தச் சொல்லுக்கு இத்தனை வேலை இல்லை. எந்திரங்கள் வந்தன, ரயில் வந்தது, கம்ப்யூட்டர் வந்தது, எல்லாம் ‘ரன்’ ஆக ஆரம்பித்தன. மூக்கு ஒழுகினால் ரன், குழாயில் தண்ணீர் கொட்டினால் ரன், சாயம் போனால் ரன், தேர்தலில் நின்றாலும் ரன். நாம் நிற்கிறோம், அமெரிக்காக்காரர்கள் ஓடுகிறார்கள், இரண்டும் ஒரே தேர்தல்தான். ‘போட்டோசிந்தசிஸ்’ மாதிரி வாய் சுளுக்கும் சொல்லுக்கு எங்கே போனாலும் ஒரே பொருள். அதை ஒருமுறை நெட்டுருப் போட்டால் போதும். பிள்ளைகள் இடறி விழுவதெல்லாம் கெட், கோ, புட், டேக், ரன் போன்ற பொடிச் சொற்களில்தான். நோட்டில் அவற்றுக்குத்தான் ஆளுக்கு ஒரு சொல்லோடு கதை முடிகிறது.

தமிழில் பத்து அர்த்தம் குழப்பமாம். எங்கள் செட்டிநாட்டுப் பக்கம் வந்து ‘கட்டு’ என்ற ஒரு சொல்லை எடுத்துவிட்டுப் பேசச் சொல்லுங்கள். கொண்டுவிற்க, அதாவது கடல் கடந்து வியாபாரம் செய்யப் போன அப்பச்சிமார் பர்மாவிலிருந்து தேக்குக் கொண்டுவந்து வீடு கட்டினார்கள். அந்த வீட்டின் அடுத்தடுத்த பகுதிகள் இரண்டாங்கட்டு, மூன்றாங்கட்டு. அங்கே சேலை கட்டி, தாலி கட்டி, சீட்டுக் கட்டி, மிச்சம் மீதியைப் பொட்டலம் கட்டினார்கள். இன்றைக்குப் பாதி வீடுகளுக்கு வரி கட்டுவதோடு சரி. இதில் எந்தக் கட்டு எது என்று எந்தப் பிள்ளையாவது குழம்பி நின்றதா?

இதெல்லாம் புதுக் கண்டுபிடிப்பும் இல்லை. ‘பலபொருள் ஒருசொல்’ என்று தொல்காப்பியம் இதற்குப் பெயரே வைத்திருக்கிறது. ‘மா பூத்தது’ என்றால் மரம், ‘மா ஓடிற்று’ என்றால் விலங்கு. பக்கத்தில் நிற்கிற வினை காட்டிக்கொடுத்துவிடும். அவ்வளவுதான் சூத்திரம். ‘ஷாப்’ பக்கத்தில் நிற்கிற ‘ரன்’னை என் மகள் அப்படித்தான் பிடித்திருக்கிறாள். அதற்குத்தான் சிவப்பு மை.

வீட்டுக்கு வந்து இதையே உரக்கச் சொல்லிக்கொண்டிருந்தேன். வீட்டு உள்முற்றத்து வளவில் முறத்தோடு உட்கார்ந்திருந்த என் ஆத்தாவுக்குக் காது கொஞ்சம் மந்தம்.

“என்னப்பா, ஓடு ஓடுங்குற? ஓடு மாத்துற ஆளு வந்துட்டாகளா?”

“அந்த ஓடு இல்லத்தா. பிள்ளை ஓடுன்னு எழுதலையாம், மார்க்கைக் குறைச்சுட்டாக.”

“ஓடுன்னு எழுதலைன்னா என்ன? ரெண்டாங்கட்டுல ஒழுகுறது ஒழுகத்தான செய்யுது” என்று சொல்லிவிட்டு மறுபடி உளுந்தைப் புடைக்கத் தொடங்கிவிட்டார். மகள் சிரித்த சிரிப்பில் எனக்கே பாதிக் கோபம் இறங்கிவிட்டது. பாதிதான்.

மீதிப் பாதி ஏன் இறங்கவில்லை என்றால், அன்று ராத்திரி அந்த மீனிங் நோட்டை வாங்கிப் பார்த்தேன். அடுத்த வாரத்துச் சொற்கள் இருபது. அதில் ஏழாவது ‘செட்’. அதற்கு நேரே, ‘அமை’.

கடையில் நாள் முழுக்க அந்தச் சொல்லோடுதான் புழங்குகிறேன். எவர்சில்வர் டப்பா செட்டு, சீருக்கு வைக்கிற பாத்திர செட்டு. தோட்டத்தில் பம்பு செட்டு, ஆத்தா ராத்திரி கழற்றி வைப்பது பல் செட்டு, பஸ் ஸ்டாண்டில் செட் பரோட்டா. கானாடுகாத்தான் பக்கம் பெரிய வீடுகளில் சினிமாக்காரர்கள் போடுவது ஒரு செட்டு. என்னோடு பத்தாவது படித்தவன் என் செட்டு. அவன் பெண்ணுக்குப் பார்த்த மாப்பிள்ளை செட் ஆகவில்லை. இதில் எத்தனையை அந்தப் பேரகராதிக்குள் சேர்த்திருக்கிறார்களோ, எங்கள் செட் பரோட்டாவுக்கு அங்கே இடம் இருக்காது.

“அப்பச்சி, இதுக்கு என்ன எழுதட்டும்?” என்றாள் மகள். அந்தச் சொல்லுக்கு நேரே அரை வரிதான் இடம் விட்டிருந்தார்கள்.

“பரீட்சையில அமைன்னு எழுதிருத்தா” என்றேன். சொல்லும்போதே வயிறு எரிந்தது.